வீரபுரிச் சந்தையில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறேன். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். ஐந்து வேளை தொழுகிறேன், கடையைத் திறக்கிறேன், கடையை மூடுகிறேன். இப்படிப்பட்டவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று ஒரு தயக்கம். இரண்டாவது தயக்கம் இன்னும் பெரியது. எழுதினால் நான் எப்பேர்ப்பட்ட கோமாளி என்கிற செய்தி கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போய்விடும். (கள்ளக்குறிச்சிக்கு ஏற்கெனவே தெரியும். என் மச்சான் உசேனின் வாய்க்குப் பூட்டு இன்னும் செய்யப்படவில்லை.) இருந்தும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், எட்டு பலகைத் தடுப்பு, என் மேஜையில் எனக்கென்று தனியாக ஒன்று, ஒரு பெரிய ஃபேன். பிரவுசிங் சென்டர்காரனைப் போலத் தனி ஆள் உலகத்தில் இல்லை. மளிகைக் கடைக்கு வருகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் துவரம்பருப்பு கேட்பார். என் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடை நிறைய ஆள், பேச ஒரு ஆள் இல்லை. அந்தச் சமயம் என் மனைவி ஜமீலா தலைப்பிரசவத்துக்காகப் பண்ருட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய தம்பிதான் உசேன். இதே ஊரில் செல்போன் கடை. அவனுக்கு அவன் கடை, அவன் குடும்பம். நான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். சமைத்தேன் என்பது மட்டும்தான் உண்மை.

இந்த நிலைமையில் சென்னைக் கம்பெனியிலிருந்து பிரியா மேடம் வந்தார். கையில் ஒரு கட்டு அட்டை. அவர்களுடைய கம்பெனி ‘வீரபுரி’ என்று ஒரு ஆன்லைன் விளையாட்டை நடத்தியது. அட்டையைச் சுரண்டினால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பரைப் போட்டால் ஒரு மாதம் வீரபுரியில் குடியிருக்கலாம். வாள், குதிரை, கோட்டை, சந்தை, மலை, ஆறு எல்லாம் அங்கே உண்டு. எந்த ஊரில் உட்கார்ந்து ஆடுகிறவனும் உங்கள் பக்கத்தில் குதிரையில் வருவான், பேசுவான், சண்டை போடுவான். அட்டை விற்கும் ஏஜென்டாக என்னைப் போட்டார்கள்.

முதலில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன்.

“சூதாட்டமா?”

“இல்ல ஹஜ்ரத். பணம் வெச்சு ஆடறது கெடையாது. மாசச் சந்தா மட்டும்தான்.”

“தொழுகைக்கு நேரமாச்சுன்னா பாதியில எழுந்து வந்துடலாமா?”

“வந்துடலாம் ஹஜ்ரத்.”

“அப்ப சரி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா இன்னாத்துக்குப்பா அது?” என்றார். அதற்குப் பதில் கம்பெனியிடமே இல்லை என்று பின்னால் தெரிந்தது.

முதல் சில மாதங்கள் காலேஜ் பையன்கள் வரிசையில் நின்று அட்டை வாங்கினார்கள். அப்புறம் ஒருவன் ஆட வராமல் நின்றுவிட்டான். அவன் நின்றதால் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் நின்றார்கள். அந்த நாலு பேரைத் தேடி வருகிறவர்களும் நின்றார்கள். இந்த வியாபாரத்தின் விஷம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓட்டலில் கூட்டமில்லை என்றால் வருகிறவனுக்குத் தோசை சுடச்சுடக் கிடைக்கும், அவனுக்கு லாபம். வீரபுரியில் கூட்டமில்லை என்றால் வருகிறவனுக்கு ஒன்றுமே இல்லை. அங்கே வாடிக்கையாளர்தான் சரக்கு. சந்தா கட்டுகிற ஆளைக் காட்டித்தான் இன்னொரு ஆளிடம் சந்தா வாங்க வேண்டும். ஊரில் பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் கம்பெனி அந்தப் பெரிய மிஷின்களை ராப்பகலாக ஓட்டியாக வேண்டும். அதற்குள் சந்தாவே இல்லாமல் சும்மா ஆடும் விளையாட்டுகள் வேறு வந்துவிட்டன. வீரபுரியில் புல்கூட ஆட மறந்துவிட்டது.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓட்டல் திறந்தால் முதல் வாரம் குடும்பத்தோடு போய் வாசலோர மேஜையில் உட்கார்ந்துகொள்வோம். தெருவில் போகிறவன் பார்த்து, “கூட்டம் இருக்குதே” என்று உள்ளே வரவேண்டும். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு அதே வேலையை நான் வீரபுரியில் செய்தேன். எனக்கே ஒரு அட்டையைச் சுரண்டி, ‘சிங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு வீரனாகக் குடியேறினேன். (பெயர்தான் சிங்கம். தூரத்தில் ஓநாய் தெரிந்தால் கோட்டைக்குள் ஓடிவிடுவேன்.) புதிதாக வருகிறவன் கண்ணில் ஒரு ஆளாவது படட்டும் என்று காலிச் சந்தையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். காலிச் சந்தையில் நடப்பது என்னவோ செய்யும். கடைகள் திறந்திருக்கும். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். எதிரில் வருகிற மனிதர் ஒருவரும் இல்லை.

அப்படி ஒரு மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, ஆற்றுப் பாலத்தின்மேல் ஒருவர் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தலைக்குமேல் ‘கரடி’ என்று பெயர். அந்த ஆற்றில் மீன் கிடையாது. கம்பெனி ஆற்றைச் செய்தது, பாலத்தைச் செய்தது, தூண்டிலைச் செய்தது, மீனைச் செய்வதற்குள் பணம் தீர்ந்துவிட்டதாம். ஏஜென்டுகளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. பாவம், இந்த வாடிக்கையாளருக்கு யார் சொல்வது?

நான் பக்கத்தில் போய் நின்றேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டும் காலம். நான் ‘வணக்கம்’ தட்டி முடிப்பதற்குள் அவரிடமிருந்து வந்துவிட்டது.

“சாப்ட்டியா?”

ஜமீலா போனதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“சாப்ட்டேன். நீங்க?”

“ஆச்சு. இன்னா கொழம்பு?”

“கறிக்கொழம்பு” என்றேன். (அன்று தொட்டுக்கொண்டது ஊறுகாய்.)

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பாலம். அதே கேள்வி, அதே பதில், தினமும் ஒரு பொய்க் குழம்பு. வேறு பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அவருடைய ஊரோ பெயரோ நான் கேட்கவில்லை. கரடி ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பெண்ணாக இருந்தால் குடும்பஸ்தன் கேட்கக் கூடாது. ஆணாக இருந்தால், “இவன் எதுக்கு நம்பள விசாரிக்கிறான்?” என்று அட்டை வாங்குவதை நிறுத்திவிட்டால்? என் மனதில் ஒன்று உறுதியாக இருந்தது. வீரபுரியின் கடைசி நிஜ வாடிக்கையாளர் இவர். நான் போகாவிட்டால் அந்த மனுஷர் மீன் இல்லாத ஆற்றின்மேல் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். யாருக்காகப் போனேன் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஒரு நாள் பிரியா மேடம் போன் செய்தார். குரலில் எப்போதும் இருக்கும் சென்னை மிடுக்கு இல்லை.

“பாய், வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு எங்க முதலாளிங்க உக்காந்து வீரபுரியப் பாக்கப் போறாங்க. சந்தையில கூட்டம் இருந்தா இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவாங்க. இல்லன்னா அதோட சரி. எல்லா ஏஜென்டுக்கும் சொல்லிட்டேன். உங்களால எத்தன பேர உக்கார வைக்க முடியும்?”

“எட்டு சீட்டும் நெறஞ்சிடும் மேடம்” என்றேன்.

“நெஜமான ஆளுங்க மாதிரி இருக்கணும் பாய். பொம்ம மாதிரி நிக்கக் கூடாது. பேசிக்கினு, நடந்துக்கினு இருக்கணும். என் வேலையும் அதுலதான் இருக்கு.”

எனக்கு அவருடைய வேலையோ என் கமிஷனோ ஞாபகத்துக்கு வரவில்லை. பாலம்தான் வந்தது. வீரபுரியை மூடினால் கரடியை எங்கே போய்த் தேடுவேன்?

காலேஜ் பையன்கள் எட்டுப் பேரைப் பிடித்து, பிரியாணி போடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அவர்களும் வருகிறேன் என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று அவரவர் நியாயம் அவரவருக்கு. நான் அதில் கருத்துச் சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எல்லா ரோட்டிலும் மறியல். சங்கராபுரம் ரோடு, சேலம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு எதிலும் பஸ் நகரவில்லை. என் வீரர்கள் எட்டுப் பேரும் எட்டுக் கிராமத்தில் மாட்டிக்கொண்டார்கள். பிரியாணி அண்டா மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

பத்தரை மணி. காலி நாற்காலிகளைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்திவிட்டேன். “யா அல்லாஹ், எப்படியாவது எட்டு ஆளக் கொடு!”

வெளியே பார்த்தால் பஸ் ஸ்டாண்டு நிறைய ஜனம். போக வழியில்லாமல் வெயிலில் நிற்கிறார்கள். துஆ அப்படியே கபூலாகிவிட்டது, கேட்டது கிடைத்துவிட்டது. எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று நான்தான் விவரமாகக் கேட்கவில்லை.

“வாங்க, வாங்க, உள்ள ஃபேன் ஓடுது, வந்து உக்காருங்க!” என்று கத்தினேன். உசேனும் அவன் கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். எட்டு நாற்காலியில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி, மோட்டார் பெல்ட் வாங்க வந்தவர். இன்னொருவர் கல்வராயன் மலை, வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த அம்மா. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன் என்று அடம் பிடித்தார்.

“இந்த எலிய இப்பிடித் தள்ளினா அந்த ஆளு நடப்பான். அவ்ளோதாங்க” என்று மவுஸைக் காட்டினேன்.

விவசாயி திரையை உற்றுப் பார்த்தார். “எங்கையில எதுக்கு பாய் கத்தி? ஒரு மம்ட்டி குடுக்கச் சொல்லு.”

“மம்ட்டி கெடையாதுங்க. சும்மா நடங்க.”

நடந்தார். எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, சந்தையின் காய்கறிக்காரரை வாளால் ஒரு வெட்டு வெட்டிவிட்டார். வீரபுரிச் சட்டப்படி காவலர்கள் ஓடி வந்து அவரை அடித்துப் போட்டார்கள்.

“யோவ் பாய், நான் இன்னா பண்ணேன்? இங்கயும் மறியலா?”

மலையம்மாவின் வீரன் சந்தையில் நிற்கவே இல்லை. நேராக மலையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தான்.

“எம்மா, சந்தைக்கு வாம்மா!”

“இன்னா சந்த இது? ஒரு ஆடு இல்ல, மாடு இல்ல, கொழந்த இல்ல. ஜனங்க எப்பிடிப் பொழைக்கும்? நான் மேல போறேன். எங்க ஊரு மாதிரி இருக்குது.”

பதினோரு மணி. திரையில் பார்த்தால் சந்தைக்குள் திபுதிபுவென்று வீரர்கள் வருகிறார்கள். என்னுடையவர்கள் மட்டும் இல்லை, எங்கெங்கிருந்தோ முப்பது நாற்பது பேர்! மற்ற ஏஜென்டுகளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரியா மேடம் சொன்னது ஞாபகம் வந்து, “எல்லாரும் பேசுங்க, மனசுல இன்னா தோணுதோ அத அடிங்க! எழுத்துத் தெரியாதவங்க உசேன்கிட்ட சொல்லுங்க, அடிப்பான்!” என்று உத்தரவு போட்டேன்.

மறியலில் மாட்டியவர்களின் மனதில் என்ன தோன்றும்?

முதல் வீரனின் தலைக்குமேல் எழுத்து எழுந்தது: “பஸ் எப்ப வரும்?”

அழிக்கச் சொல்வதற்குள் சந்தையின் அந்தக் கோடியில், என் கடையில் இல்லாத ஒரு குதிரைவீரன் தலைக்குமேல்: “உளுந்தூர்பேட்ட தாண்டி விட மாட்றாங்க.”

இன்னொருவன்: “திருநாவலூர் டவுன் பஸ்ஸு போச்சா?”

ஈட்டியோடு நின்ற ஒருவன்: “போவல. நானும் அதுக்குதான் நிக்கிறேன்.”

சுற்றுவட்டார ஏஜென்டுகள் அத்தனை பேரும் நான் செய்த அதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்! ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் மாட்டிய ஜனம் கவசம் போட்டுக்கொண்டு வீரபுரிச் சந்தையில் நிற்கிறது. என் கடைக்குள் ஒரே உற்சாகம். “பாய், சின்னசேலத்துக்காரன் ஒர்த்தன் கெடச்சிட்டான்!” “எங்க அண்ணங்கிட்ட சொல்லச் சொல்லு, நான் இங்கதான் கீறேன்னு!” வீரபுரி பிறந்த நாளிலிருந்து அன்றுதான் அங்கே ஜனங்கள் நிஜமாகவே ஒருவரோடு ஒருவர் பேசினார்கள்.

அந்த நேரம் பார்த்து, பொன் கவசம் போட்ட ஒரு பிரபு சந்தைக்குள் வந்தார். சென்னையிலிருந்து முதலாளியே இறங்கிவிட்டார். நேராக எங்கள் விவசாயியின் எதிரில் வந்து நின்று கேட்டார்: “இங்கே உங்களுக்குப் பிடித்தது என்ன?”

அடிபட்டு விழுந்து மறுபடி எழுந்திருந்த விவசாயி யோசித்தார். உசேனிடம் பதில் சொன்னார். அவன் ஒரு எழுத்துக் குறைக்காமல் அடித்தான்.

“ஃபேன் காத்து நல்லா வருது.”

பிரபு அடுத்த ஆளைத் தேடிப் போனார். அப்போதுதான் கூட்டத்துக்குள் கரடியைப் பார்த்தேன். பாலத்தை விட்டு அவர் சந்தைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. என்னிடம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று சிங்கத்தை ஓட்டிக்கொண்டு போனேன். அவர் தலைக்குமேல் எழுத்து எழுந்தது.

“மூங்கில்துறைப்பட்டுல கரும்பு டிராக்டரா நிக்குது. சேலம் பஸ் எடுத்துட்டாங்களா?”

கரடியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு பயணி. அப்படியானால் கரடி ஒரு கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை, சர்க்கரை மில் இருக்கிற மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது. ஒரு பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். கடைசி வாடிக்கையாளர் என்று நான் நினைத்தவர், என்னைப்போலவே கூட்டம் காட்ட உட்கார்ந்த ஏஜென்ட். மீன் இல்லை என்பது அவருக்கும் முதலிலிருந்தே தெரியும்.

ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது பிரியா மேடம் போன் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் பாய். ‘இவங்கள்லாம் எந்த பஸ்ஸுக்கு நிக்கிறாங்க?’ன்னு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மூடறாங்க. அப்புறம்… மலை உச்சியில ஒருத்தர் தனியா உக்காந்துக்கினு இருக்காரு. எறங்கி வரச் சொல்லிடுங்க.”

பிரியாணியை ஜனங்களே சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத விவசாயிக்கும் இன்னும் சிலருக்கும் பக்கத்து மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கினேன். மறியலில் மாட்டியவர்களுக்குச் சோறு போட்ட பாய் என்று எனக்கு நல்ல பெயர் வேறு வந்தது. மலையம்மா கைநிறையக் கடுக்காய் கொடுத்துவிட்டு, “நல்லா இருப்ப சாமி. அந்த மலைய மூடிடாதீங்க” என்று போனார்.

மறுநாள் லுஹரை முன்னேரமே தொழுதுவிட்டுப் பாலத்துக்குப் போனேன். கரடி இருந்தார். தூண்டில் தண்ணீரில் கிடந்தது. அவர்தான் தொடங்கினார்.

“நீங்க கஸ்டமர் இல்லியா?”

“இல்லிங்க. ஏஜென்டு. நீங்களும்தானே?”

“ஆமா. உங்களுக்காகத்தான் தெனம் வந்தேன். பாவம், ஒரே ஒரு கஸ்டமர், தனியா இருக்காரேன்னு.”

ஒருவரை ஒருவர் நிஜ ஆள் என்று நம்பி, ஒருவருக்கு ஒருவர் கூட்டமாக இருந்திருக்கிறோம். பெயரையும் கடை விலாசத்தையும் இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தேன். என் தட்டலுக்கு விலாசம் நீளம். பாதியில் அவருடைய எழுத்து வந்தது.

“சாப்ட்டியா?”

அவசரமாக விலாசத்தை அழித்தேன். முதலில் இதற்குப் பதில், பிறகு அது. ‘சா’ வரைக்கும் வந்தேன். பாலம் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் நின்றது. பிறகு திரை நீலமாகிவிட்டது.

பிரியா மேடத்தின் நம்பர் அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. ரோடு சரியானதும் மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். மில்லுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு பிரவுசிங் சென்டர். ஷட்டர் போட்டிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“அவரா? வெளியூர்க்காரரு. கம்ப்யூட்டர்காரர்னுதான் கூப்புடுவோம். கடய காலி பண்ணிக்கினு போயிட்டாருங்க. யார்கிட்டயும் ஜாஸ்தி பேச மாட்டாரு. தெனம் மத்தியானம் மட்டும் உள்ள உக்காந்து தனியா சிரிச்சிக்கினு இருப்பாரு.”

டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

ஜமீலா குழந்தையோடு வந்தாள். பிரவுசிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடை. எங்கள் வீட்டில் நிக்காஹ், கத்னா என்று எந்த விசேஷமானாலும், நாலு பேர் ஒன்றாக நின்றுவிட்டால் உசேன் மெதுவாக, “இவங்கள்லாம் எந்த பஸ்ஸுக்கு நிக்கிறாங்க?” என்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். சாப்பாடு நன்றாக இல்லை என்றால், “ஃபேன் காத்து நல்லா வருது” என்பாள் என் மகள். நானும் சிரிப்பேன்.

ஆனால் உசேன் சொல்லும்போது கதை வளர்ந்துகொண்டே போகிறது. இப்போது அதில் ஒரு ஆடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கரடி திமிங்கிலம் பிடிக்கிறது. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஆற்றில் மீன் இல்லை என்றே சொல்லுங்கள். பாலத்தைக் கோட்டையாக்கிவிடாதீர்கள், கறிக்குழம்பை மாற்றிவிடாதீர்கள். வாய் மாறி வாய் மாறி என்றைக்காவது இது அந்த மனுஷரின் காதுக்குப் போகலாம். மாற்றாமல் சொன்னால்தான் அவருக்கு அடையாளம் தெரியும்.

தெரிந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். சாப்ட்டேன். நீங்க?